அப்பாவின் பத்தாவது ரோல்

செவ்வாய்க்கிழமை காலை 10:42க்கு என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. நான் மட்டன் ரோல்ஸ் இரண்டு வாங்கியிருக்கிறேனாம். அதற்கு நன்றியாம். என் கணக்கில் நான்கு புள்ளி சேர்ந்துவிட்டதாம், பத்துச் சேர்ந்தால் ஒரு ரோல் சும்மா தருவார்களாம். அந்த நேரம் நான் மிசிசாகாவில், வேலையிடத்தில், ஒரு கூட்டத்தின் நடுவில் ஆறிப்போன கோப்பியோடு உட்கார்ந்திருந்தேன். ரொறன்ரோவின் மறுகோடியில், ஸ்காபரோவில் யாரோ என் பெயரில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இதற்கு முதலும் இப்படி ஒன்று வந்தது. மோசடிச் செய்தி என்று நினைத்து அழித்திருந்தேன்.

யாரென்று யோசிக்கவே தேவையில்லை. எங்கள் வீட்டில் சீனி வருத்தமும் கொழுப்பும் உள்ள ஆள் ஒருவர்தான். எண்ணெயில் பொரித்த எதையும் தொடக்கூடாதென்று டொக்டர் சொல்லி, அம்மா அதைச் சட்டமாக்கி, இரண்டு வருடமாகிறது. காலையில் ஒன்பதரை போல "ஒருக்கா நடந்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு அப்பா புறப்படுவார். நடக்கிறார்தான், அது பொய்யில்லை. அந்த நடை எங்கே போய் நிற்கிறது என்றுதான் யாரும் கேட்கவில்லை.

அந்தக் கடைக்கு அப்பா நெடுநாள் வாடிக்கை. மார்க்கம் வீதிப் பக்கம் ஒரு சின்னப் பிளாசா, ஒருபக்கம் சலவைக்கடை, மற்றப்பக்கம் வருமானவரி செய்து கொடுக்கிற இடம், நடுவில் இது. முந்தி அங்கே ஒரு அட்டை கொடுப்பார்கள். மஞ்சள் மட்டை, பின்பக்கம் பத்துக் கட்டம், ஒரு ரோலுக்கு ஒரு சீல். டொலர் கடையில் விற்கிற, சிரித்த முகம் போட்ட நீலச் சீல்தான். அவசரத்தில் அடித்தால் பாதிச் சிரிப்புத்தான் விழும். அட்டையில் எண்ணெய் ஊறிவிட்டால் வெளிச்சத்தில் பிடித்து மறுபக்கத்தைப் பார்க்கலாம். அப்பா அதைப் பர்சில் பிள்ளையார் படத்துக்கும் ஹெல்த் கார்டுக்கும் நடுவில் வைத்திருப்பார். அம்மா பர்சைத் திறந்து அதைக் கண்டிருந்தாலும் என்ன விளங்கியிருக்கும்? ஏழு அரைச் சிரிப்புகள். எந்தக் கிழமை, எத்தனை மணி, மட்டனா மரக்கறியா, ஒன்றும் அதில் இல்லை. அது அப்பாவின் அட்டை என்றுகூட அதில் இல்லை.

அங்கே கவுண்டரில் நின்ற ஒரு அக்கா, அப்பாவின் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். சனம் இல்லாத மழை நாளில் அப்பா போனால் ஒரு ரோலுக்கு இரண்டு சீல் அடித்துவிடுவாராம். "ஏன் பிள்ளை?" என்று கேட்டால், "அடிக்காமல் வைச்சிருந்தால் மை காஞ்சுபோம் அங்கிள்" என்பாராம். அப்பா இதை என்னிடம் சொன்னது எப்போதோ ஒரு நல்ல மனநிலையில். அட்டையைப் பற்றித்தான் சொன்னார், சாப்பிட்டதைப் பற்றி அல்ல.

இந்த வசந்தத்தில் அட்டையை நிறுத்திவிட்டார்கள். கவுண்டரில் ஒரு டப்லட், அதற்குப் பக்கத்தில் கட்டம் கட்டமாக ஒரு கியூஆர் படம், ‘செயலியைத் தரவிறக்குங்கள்’ என்று ஒரு அறிவித்தல். அப்பாவிடம் இருப்பது மடிக்கிற போன். செயலி இல்லாதவர்கள் போன் நம்பரைச் சொன்னாலும் போதும் என்றார்களாம். "ரோல்ஸ் வாங்க ஏன் பிள்ளை போன் நம்பர்?" என்று கேட்டுவிட்டு ஒரு மாதம் புள்ளி இல்லாமலே வாங்கியிருக்கிறார். பிறகு மனம் கேட்கவில்லை. பத்துக்கு ஒன்று என்பது அப்பாவுக்குச் சின்ன விசயம் இல்லை. ஆனால் தன் நம்பர் அவருக்குப் பாடமில்லை. எனக்கு நானே எதற்கு எடுக்கப்போறன் என்பது அவருடைய வாதம். அவருக்குப் பாடமான ஒரே நம்பர் என்னுடையது.

கடைக்காரர் தருகிற கடதாசியில் அப்பாவுக்கு இந்த அளவுக்குப் பிடிப்பு வந்தது ரோல்ஸ் கடையில் அல்ல, கனடியன் ரயரில். நாங்கள் 1999இல் இங்கே வந்தபோது எனக்குப் பதினொரு வயது. அப்பா எங்களுக்கு முதலே வந்துவிட்டார். வந்த முதல் கிழமையே குசினி லாச்சிக்குள் ஒரு நீல பிஸ்கட் ரின்னைக் கண்டுபிடித்தேன். திறந்தால் உள்ளே கட்டுக் கட்டாகக் காசு, றப்பர் பான்ட் போட்டபடி. நாங்கள் பணக்காரர் என்று முடிவெடுத்து, இரண்டு தாளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கடையில் சொக்லேட் வாங்கப் போனேன். கடைக்காரர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டு சொக்லேட்டைத் திரும்ப எடுத்து அடுக்கில் வைத்தார்.

கனடாவில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கனடியன் ரயர் ரயர் மட்டும் விற்கிற கடை இல்லை. சுத்தியல், சைக்கிள், சமையல் சட்டி, கூடாரம் எல்லாம் கிடைக்கும். 1958இல் தன் பெற்றோல் நிலையங்களில் சொந்தக் காசு அச்சிட்டுக் கொடுக்கத் தொடங்கியது. கடையைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான ஏ.ஜே. பில்ஸின் மனைவி மியூரியல் கொடுத்த யோசனை அது. பார்வைக்கு உண்மையான நோட்டுத்தான். 5 சதம், 10 சதம், 25 சதம் என்று வரும். அதில் ஸ்கொட்லாந்துத் தொப்பி போட்ட ஒருவரின் சிரித்த முகம், பெயர் சாண்டி மக்டயர். ஸ்கொட்லாந்துக்காரர் காசை இறுக்கிப் பிடிக்கிற ஆட்கள் என்கிற பழைய பகிடிதான் காரணம். யாழ்ப்பாணத்தாரைப் பற்றியும் அப்படி ஒரு பகிடி இருப்பதால் அப்பாவுக்கு அவரைப் பார்த்தவுடன் பிடித்திருக்க வேண்டும். கடன் அட்டையில் கட்டினால் இந்த நோட்டுத் தரமாட்டார்கள், கைக்காசு அல்லது டெபிட். தொடக்கத்தில் தாராளமாக இருந்த விகிதம் தேய்ந்து தேய்ந்து நூறு டொலருக்கு 40 சதம் என்று வந்து நின்றது. அப்பா அந்த 40 சதத்தையும் எண்ணி ரின்னுக்குள் போடுவார்.

எங்கள் தொடர்மாடியில் கீழே இருந்த அங்கிள் மொன்றியலுக்குக் குடிபெயர்ந்தபோது, போகிற அன்று ஒரு கடித உறையைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்தார். உள்ளே கனடியன் ரயர் காசு, பதினொரு டொலரும் சில்லறையும். "அங்கையும் இந்தக் கடை இருக்குத்தானே" என்று அப்பா மறுக்க, "நான் அங்கை போய் இதை எண்ணிக்கொண்டிருக்கவோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதையும் ரின்னில் இருந்ததையும் சேர்த்து அப்பா ஒரு பனிச் சவள் வாங்கினார். நானும் கூடப் போனேன். காசாளர் பெண் அவ்வளவு நோட்டையும் ஒவ்வொன்றாக எண்ண, பின்னால் வரிசை நீண்டு, யாரோ உரத்துப் பெருமூச்சுவிட, எனக்கு முகம் சிவந்துவிட்டது. அப்பா அசையவில்லை. அந்தச் சவள் இன்னும் கராஜில் இருக்கிறது. அதை இப்போதும் அந்த அங்கிளின் பெயர் சொல்லித்தான் கேட்பார்.

2014இல் கனடியன் ரயர் அந்தக் காசை மின்னணுவாக்கியது. 2018இல் ட்ரையாங்கிள் என்று புதுப்பெயரில் அட்டையும் செயலியும் வந்தன. என் போனில் அது இருக்கிறது. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று இதை எழுதும்போது திறந்துதான் பார்த்தேன்: 6 டொலர் 18 சதம். நான் ஊர் மாறிப் போனால் இதை எந்த உறையில் போட்டு யாருடைய கையில் கொடுப்பது? கடதாசி நோட்டை இன்னும் கடையில் வாங்குகிறார்கள். அப்பாவின் ரின்னில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. செலவழிக்க விடமாட்டார்.

புள்ளி எண்ணுகிற செயலி வேறு எதையெல்லாம் எண்ணும் என்பது இந்த நாட்டுக்கு ஒருமுறை நன்றாகவே விளங்கியது. 2020இல் ஃபைனான்சியல் போஸ்ட் செய்தியாளர் ஒருவர், தன்னைப் பற்றி என்ன தகவல் வைத்திருக்கிறீர்கள் என்று ரிம் ஹோர்ட்டன்ஸ் என்கிற கோப்பிக்கடை நிறுவனத்திடம் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஐந்து மாதத்துக்கும் குறைவான காலத்தில் அவர் நின்ற இடம் 2,700 தடவைக்கு மேல் பதிவாகியிருந்தது. 2022 ஜூனில் மத்திய தனியுரிமை ஆணையரும் மூன்று மாகாண அதிகாரிகளும் அறிக்கை வெளியிட்டார்கள். செயலியை மூடி வைத்திருந்தாலும் சில நிமிடத்துக்கொருமுறை இடத்தைக் குறித்திருக்கிறது. ஆள் வீட்டில் நிற்கிறாரா, வேலையிலா, போட்டிக் கடைக்குள் நுழைந்துவிட்டாரா என்பது வரைக்கும் தெரியும். கூட்டு வழக்கும் நடந்தது. நட்டஈடாக ஆளுக்கு ஒரு சூடான பானம், ஒரு பணிஸ் வகை.

இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியபோது, "பணிஸுமோ?" என்று கேட்டார்.

ரோல்ஸ் கதைக்கு வருகிறேன். வியாழக்கிழமை 10:37, இரண்டு மட்டன். வெள்ளிக்கிழமை 10:51, ஒரு மரக்கறி ரோல். விரதத்தை மனிசன் விடவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று மூன்று நாள் மண்டையைக் குடைந்தேன். சொன்னால் அப்பாவின் காலைநடை முடிந்தது. சொல்லாவிட்டால் நாளைக்கு ஏதாவது வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் நிற்கும்போது, எத்தனை ரோல்ஸ் என்று திகதி, நேரத்தோடு எனக்குத் தெரிந்திருக்கும். நான் கேட்டு வாங்கிய தகவலும் இல்லை இது.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். முதலாளியிடம் அட்டையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். சண்டைக்குத்தான் போனேன், ஆனால் அவர் சொன்னதைக் கேட்கச் சிரிப்பு வந்துவிட்டது. சனம் அதே டொலர் கடையில் அதே சிரித்தமுகச் சீலை வாங்கி வீட்டிலிருந்தே அடித்துக்கொண்டு வந்ததாம். "ஒருத்தர் ஊதா மையிலை அடிச்சுக்கொண்டு வந்து நிக்கிறார் தம்பி. எங்களிட்ட ஊதாவே இல்லை. என்னெண்டு கேக்கிறது? ரோல்ஸைக் குடுத்து விட்டன்." இப்போது யார் மூன்று கிழமையாக வரவில்லை என்று டப்லட் அவருக்குச் சொல்லும், அவர்களுக்கு ஒரு கழிவுச் செய்தி அனுப்பினால் பாதிப்பேர் திரும்ப வருகிறார்களாம். இதற்கு மாதாமாதம் அவர் கட்டுகிற காசைச் சொன்னார். அதைக் கேட்டபிறகு எனக்குக் கோபம் மிச்சமில்லை. விடிய நாலு மணிக்கு வந்து மாப்பிசைகிற மனிதர். இரண்டு சீல் அடிக்கிற அக்கா இப்போது இங்கே இல்லை, ஏஜாக்ஸ் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். இருந்திருந்தாலும் அந்த டப்லட்டில் மழைக்கு ஒரு பட்டன் இல்லை.

நம்பரை எடுத்துவிடச் சொல்லலாம் என்றுதான் போயிருந்தேன். சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

அடுத்த செவ்வாய் 11 மணியாகியும் செய்தி வரவில்லை. 11:20க்கும் இல்லை. மழை பெய்துகொண்டிருந்தது. எங்காவது வழுக்கி விழுந்துவிட்டாரோ என்று வீட்டுக்கு எடுத்தேன். பல்லு டொக்டரிடம் போய்விட்டு வந்து படுத்திருக்கிறாராம். "என்ன தம்பி, வேலை நேரத்திலை?" என்று அம்மா கேட்டார். சும்மாதான் எடுத்தேன் என்றேன். மறுநாள் 10:40க்கு இரண்டு மட்டன் என்று செய்தி வந்தது. மேசையில் யாருக்கும் தெரியாமல் சிரித்தேன். புள்ளி ஒன்பது.

வியாழக்கிழமை 10:45க்கு முதலில் ஒரு புள்ளி, அடுத்த நிமிடமே நாலு இலக்கத்தோடு இன்னொரு செய்தி. அதை வாசித்து முடிக்குமுன் போன் அடித்தது. மடிக்கிற போனின் கரகரப்பு.

"தம்பி, வேலையோ?"

"ஓம் அப்பா, சொல்லுங்கோ. எங்கை நிக்கிறியள்?"

"சும்மா, வெளியிலை." பின்னால் தகட்டில் கொத்துரொட்டி டக டக டக என்று விழுந்துகொண்டிருந்தது. "உன்ர போனுக்கு ஏதோ நம்பர் வந்திருக்குமாம். நாலு இலக்கம். ஒருக்காச் சொல்லு பாப்பம்."

"என்ன நம்பர் அப்பா?"

கொஞ்ச நேரம் கொத்துச் சத்தம் மட்டும்.

"பாங்க் விசயம்" என்றார்.

ஏழு, மூன்று, மூன்று, ஒன்பது என்று சொன்னேன். அவர் அதை உரத்த குரலில் ஒவ்வொன்றாக யாருக்கோ திருப்பிச் சொன்னார். போனைப் பொத்தவில்லை. "சரி அங்கிள், வந்திட்டுது. மட்டனோ மரக்கறியோ?" என்று ஒரு பிள்ளையின் குரல் கேட்டது.

"இண்டைக்கு என்ன கிழமை பிள்ளை?"

"வியாழன் அங்கிள்."

"அப்ப மட்டன்."