முன்னால் இருந்த கேமரா

“சார், முன்னாடி வச்சிருக்கீங்களே, அந்தக் கேமரா… கடைசி ஷாட்டுக்கு அப்புறம் ஓடிச்சா?”

“இல்லம்மா. உடனே ஸ்கோருக்குப் போயிட்டோம்.”

போகவில்லை. 11 நொடி அவள் முகத்திலேயே நின்றோம்.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் துப்பாக்கிச் சுடுதல் ஃபைனல். அதன் லைவ் ஒளிபரப்பு என் பொறுப்பு. 20-வது ஷாட்டில் 9.1 என்ற மோசமான ஸ்கோர் விழுந்து, நாலாம் இடத்தோடு வெளியேறினாள். தன் லேன் மானிட்டரை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் துப்பாக்கி காலி என்று காட்டும் சேஃப்டி ஃப்ளாக்கை எடுத்து ரைஃபிளில் நுழைக்கப் போனாள். தவறியது. மறுபடியும் தவறியது. மூன்றாவது முறைதான் உள்ளே போனது. அந்தக் கேமராவை ரிமோட்டில் இயக்கிக்கொண்டிருந்த தம்பி ஹெட்செட்டில் கேட்டான்: “அண்ணா, முகத்தை விட்டு வைடு ஷாட்டுக்குப் போயிடலாமா?”

“இரு” என்றேன்.

அவனுக்குத் தோன்றியது எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றியது. ஆனாலும் இருக்கச் சொன்னேன். அதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது, இன்றும் அதைச் சரி என்றுதான் நினைக்கிறேன். 4.5 மில்லிமீட்டர் பெல்லட் பறப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. குறி வைக்கிற பத்து, அரை மில்லிமீட்டர் புள்ளி. ஒரு ஷாட்டுக்குக் கிடைக்கிற 50 நொடியில் அசையாமல் நிற்பதுதான் ஆட்டமே. முகத்தையும் காட்டாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு வெறும் எண்கள்தான் மிஞ்சும். ஸ்கோர் டேட்டா வேறு வீடியோவை முந்திக்கொண்டு வந்துவிடும். சுடுவதற்கு முன்பே திரையில் 10.4 என்று தெரியும். அதைப் பிடித்து நிறுத்தி வீடியோவோடு சேர்க்க அன்று காலை முழுக்க மல்லுக்கட்டினோம். இந்த மாதிரி ஒரு நொடிக்காகத்தானே அவ்வளவும்.

ஆனால் அரங்கில் இருந்தவர்கள் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பார்த்தது முதுகை மட்டும். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத்தான் அவள் முகத்தை அப்படி விட்டிருக்க வேண்டும்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் மேத்யூ எம்மன்ஸ் கடைசி ஷாட்டைப் பக்கத்து லேன் டார்கெட்டில் சுட்டு, முதலிடத்திலிருந்து எட்டுக்கு இறங்கினாரே, அதை உலகமே பார்த்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவர் அதே ஒலிம்பிக்கில் இரண்டு நாள் முன்புதான் ஒரு தங்கம் வாங்கியிருந்தார். இவள் ஜூனியர். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச எனக்கே வாய் வரவில்லை.

காட்டியதுகூட இருக்கட்டும். கேட்டபோது ஏன் ஆமாம் என்று சொல்லவில்லை? காட்டியது சரிதான் என்று நம்பினேன் என்றால், நின்று அவளிடமே சொல்லியிருக்கலாம். அவள் கண் இன்னும் சிவந்திருந்தது, ரைஃபிள் பெட்டி தோளில் தொங்கியது, போய்க்கொண்டே கேட்டாள். வாய் தானாக இல்லை என்றது. இரக்கம் என்று அன்று நினைத்தேன். பயமாகவும் இருந்திருக்கலாம்.

அன்று இரவே பதிவிலிருந்து அந்த 11 நொடியை வெட்டினேன். சொன்னதை உண்மையாக்கிவிடலாம் என்று ஒரு நினைப்பு.

மறுநாள் ஏற்பாட்டாளர் ஒருவர் வந்து, அவள் அப்பா ஃபோன் செய்ததாகச் சொன்னார். ஊரிலிருந்து லைவில் பார்த்தாராம். “பிள்ளை முகத்தைக் கிட்டத்துல பார்க்க முடிஞ்சது, பக்கத்துல நின்ன மாதிரி இருந்துச்சு, அவங்களுக்கு நன்றி சொல்லிடுங்க” என்றாராம்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. அவளிடமும் அவர் அதைச் சொல்லியிருப்பார்.