ஒரு வேகத்தடைக்கு ஏழு மாதம்

பள்ளிக்கூட முக்கில் ஒரு வேகத்தடை, எச்சரிக்கைப் பலகை, ஒளிரும் விளக்கு. கேட்டது இவ்வளவுதான். போன வாரம்தான் வேகத்தடைக்கு வெள்ளைக் கோடு அடித்தார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், யாருக்காவது அலைச்சல் மிச்சமாகட்டும்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். அதோடு ஒன்றிய அலுவலகம் போனால், "இது எங்க ரோடே இல்லீங்களே, ஹைவேஸ் ரோடு" என்றார்கள். எங்கள் சாலை 'இதர மாவட்டச் சாலை' என்பது இருபது வருடமாக அதில் போய்வரும் எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். சாலை யாருடையது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரை நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி நெடுஞ்சாலைத் துறை அலுவலகம். மனுவில் 'ஆலமரத்துக்குப் பக்கத்தில், டீக்கடை எதிரில்' என்று எழுதியிருந்தேன். எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எத்தனாவது கிலோமீட்டர்?" மனு திரும்பி வந்தது. மறுநாள் சீமைக்கருவேல முள்ளை விலக்கிச் சாலையோரக் கிலோமீட்டர் கல்லைத் தேடி, கி.மீ. 14/4-க்கும் (அதாவது 14 கி.மீ. 400 மீட்டர்) 14/6-க்கும் நடுவில் என்று எழுதினேன். அதை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

அப்புறம்தான் பெரிய அடி. கலெக்டர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு முதலில் பார்ப்பது 'கரும்புள்ளி'களை: 500 மீட்டருக்குள், மூன்று வருடத்தில், உயிரிழப்போ படுகாயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள், அல்லது பத்து மரணங்கள். எங்கள் முக்கில் எத்தனை? காவல் நிலையப் பதிவில் ஒன்றுகூட இல்லை. கை கால் முறிந்தவர்கள் மூன்று பேரை எனக்கே தெரியும். எல்லாம் அதே டீக்கடையில் பேசி முடித்தவை. என் மாமாவின் கை உடைந்தபோது "கேஸெல்லாம் எதுக்கு" என்று ஆஸ்பத்திரிச் செலவை வாங்கிக்கொடுத்து முடித்துவைத்ததே நான்தான். அந்த எஃப்ஐஆர் இருந்திருந்தால் ஒரு கணக்காவது ஏறியிருக்கும்.

கரும்புள்ளி வழி அடைபட்டதும் பள்ளி வழியைப் பிடித்தோம். பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், காலையும் மாலையும் எத்தனை பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள் என்று தலைமை ஆசிரியர் எண்ணிக் கொடுத்த கடிதம், படங்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்து மனு எண் வாங்கினேன். அந்த எண் இல்லாமல் திரும்பாதீர்கள், பிறகு கேட்கவே முடியாது. போலீஸ், ஆர்டிஓ, நெடுஞ்சாலை மூவரும் வந்து பார்த்துப் போனார்கள். அது சிக்கலில்லாமல் முடிந்தது.

பணம்? "ஒதுக்கீடு வரட்டும்" என்று மூன்று மாதம். நமக்கு நாமே திட்டத்தில் போகலாம் என்றார் ஒருவர். மூன்றில் ஒரு பங்கு ஊர் போட வேண்டும் என்றதும் ஊர் அமைதியாகிவிட்டது. கடைசியில் சாலைப் பாதுகாப்பு நிதியில் வந்தது, அதாவது போக்குவரத்து அபராதப் பணம். ஹெல்மெட் போடாமல் போய் நானும் கட்டியிருக்கிறேன், சரி, கொஞ்சம் ஊருக்கே திரும்பியது.

வேலை நடந்த அன்று டேப்போடு நின்றேன். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியன் ரோடு காங்கிரஸ் அமைப்பின் வழிகாட்டுதலில் வேகத்தடைக்கு 10 செ.மீ. உயரம், வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம். மேஸ்திரி குறுகலாகக் குவித்துக்கொண்டிருந்தார். அளந்து காட்டியதும் முணுமுணுத்தபடியே அகலப்படுத்தினார்.

ஒளிரும் விளக்கு மட்டும் இன்னும் வரவில்லை. அதற்குத் தனி மனுவாம். திங்கட்கிழமை போகிறேன்.