ஆபரேஷனுக்குப் பிறகு நான்கு கீமோ

எனக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய். ஃபிளாட் (FLOT) என்ற முறையில் கீமோ கொடுத்தார்கள். டோசிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின், லூகோவோரின், ஃபுளோரோயுராசில் என்று 4 மருந்துகள், 2 வாரத்துக்கு ஒரு முறை. ஆபரேஷனுக்கு முன் 4 முறை, பின் 4 முறை. முதல் நான்கை ஓரளவு நன்றாகவே தாங்கியதால், மிச்சமும் அப்படியே போய்விடும் என்று நம்பியிருந்தேன்.

ஆபரேஷன் முடிந்து 8ஆவது வாரம் ஐந்தாவது கீமோ ஏறியது. இரைப்பையைக் குழாய்போல் ஆக்கி மார்புக்குள் இழுத்துத் தைத்திருந்தார்கள். நாலு வாய் சாப்பிட்டாலே நெஞ்சு அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் வேகமாகச் சாப்பிட்டுவிட்டால் அரை மணி நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. இதற்கு டம்பிங் என்று பெயர். கீமோவின் குமட்டலும் சேர்ந்துகொண்டதில் எது எதனால் வருகிறது என்றே புரியவில்லை. அப்புறம் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன்: எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டேன், எத்தனை நிமிடத்தில் என்ன ஆனது என்று. சாப்பிட்டவுடன் வருவது டம்பிங், வெறும் வயிற்றிலும் வருவது மருந்து என்று டாக்டர் அதைப் பார்த்துத்தான் பிரித்தார். குமட்டல் மாத்திரையை மாற்றினார். சாப்பாட்டை 7 வேளையாகப் பிரித்துக்கொண்டேன். சிறுகுடலில் வைத்திருந்த உணவு டியூபை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சியிருந்தேன். நல்லவேளை, அவர் எடுக்கவில்லை. எடை இன்னும் சரியாமல் காப்பாற்றியது இரவில் அதன் வழியே போன திரவ உணவுதான்.

ஆக்சாலிபிளாட்டின் ஏறிய மறுநாள் தெரியாமல் குளிர்ந்த தண்ணீர் குடித்தேன். தொண்டை இறுகி மூச்சே நின்றதுபோல் இருந்தது. உள்ளே தையல் இடத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன். குளிர்ச்சி பட்டால் அந்த மருந்து செய்கிற வேலை அது, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. ஆபரேஷன் செய்த இடத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் இருப்பவர்களுக்கு இதை முன்பே யாராவது சொல்லிவிட வேண்டும்.

விரல்கள் மரத்துப்போவதை மட்டும் நான் மறைத்தேன். டோஸைக் குறைத்தால் நோய் திரும்பிவிடுமோ என்ற பயம். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்றபோது மனைவிதான் டாக்டரிடம் சொன்னாள். ஏழாவதில் அதற்குக் காரணமான ஆக்சாலிபிளாட்டினைக் குறைத்தார்கள், எட்டாவதில் நிறுத்திவிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு நிறையப் பேரால் நான்கையும் முடிக்க முடிவதில்லை என்று அப்போதுதான் டாக்டர் சொன்னார். அதை முதலிலேயே கேட்டிருந்தால் மறைத்திருக்க மாட்டேன்.

இப்போது பொத்தான் போட முடிகிறது. கால்விரல்கள் இன்னும் மரத்துத்தான் இருக்கின்றன.