ஆரோனுக்கு எந்தத் தொடை? இரண்டு தடவை திரும்பி வந்த என் கட்டுரை

அஞ்சல்வழி இறையியல் படிப்பில் எனக்கு விழுந்த தலைப்பு, பழைய ஏற்பாட்டில் காணிக்கைகளும் ஆசாரியரின் (பலி செலுத்தும் குருமாரின்) பிழைப்பும். ஓய்வுநாள் பள்ளியிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகியதுதானே என்று ஒரே ராத்திரியில் எழுதி அனுப்பிவிட்டேன். பத்தாம் நாள் சிவப்பு மையோடு திரும்பி வந்தது: "லேவியர் எல்லாரும் ஆசாரியரா? எண்ணாகமம் 18 படித்தீர்களா?"

படித்திருந்தேன், ஒழுங்காகப் படிக்கவில்லை. லேவியர் ஆலய வேலைக்கென்று ஒதுக்கப்பட்ட குலம், அதில் முதல் ஆசாரியனான ஆரோனின் வழிவந்தவர்கள் மட்டுமே ஆசாரியர். தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒன்று, போவது லேவியருக்கு. அவர்கள் தங்களுக்கு வந்ததில் பத்தில் ஒன்றை எடுத்து ஆரோன் வீட்டாருக்குக் கொடுக்க வேண்டும். நூறு மரக்கால் விளைந்தால் இந்த வழியில் ஆசாரியன் கைக்கு வருவது ஒரே ஒரு மரக்கால். நானோ தசமபாகங்களையெல்லாம் கொண்டுவாருங்கள் என்கிற மல்கியா 3:10ஐ வைத்தே இரண்டு பக்கம் ஓட்டியிருந்தேன். இந்தத் தலைப்பை எடுக்கிறவர்கள் தயவுசெய்து மல்கியாவில் தொடங்காதீர்கள்.

சரி, நூலகத்தில் உட்கார்ந்து எழுதலாம் என்று இரண்டு பஸ் மாறிப் போனால், வாசலில் இருந்தவர் இந்த வருஷத்து அட்டை இல்லாமல் விடமாட்டேன் என்றார். பணம் கட்டிய ரசீதை நீட்டினேன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் கைபேசியில் லேவியராகமம் 6, 7 படித்ததுதான் அன்றைக்கு உருப்படியான வேலை. பலிக்குப் பலி பங்கு மாறுகிறது. சர்வாங்க தகனபலி என்றால் எல்லாம் நெருப்புக்கு, தோல் மட்டும் அதைச் செலுத்திய ஆசாரியனுக்கு. மாவால் படைக்கும் போஜனபலியில் ஒரு கைப்பிடி எரிந்தால் போதும், மிச்சம் அவர்களுக்கு. அதிலும் சுட்டுக்கொண்டு வந்தது அன்று பலி செலுத்தியவனுக்கு, மாவாக வந்தது ஆரோனின் மகன்கள் எல்லாருக்கும் சமமாக. ஆனால் ஆசாரியனே கொண்டுவரும் போஜனபலியில் ஒரு துணுக்குகூட வாயில் வைக்கக் கூடாது. அப்புறம் 22ஆம் அதிகாரத்தைத் தவறவிடாதீர்கள்: ஆசாரியனின் மகள் ஆசாரியர் அல்லாத வெளியாருக்கு வாழ்க்கைப்பட்டால் பரிசுத்தமான பங்கில் அவளுக்கு உரிமை போய்விடும், பிள்ளையில்லாமல் விதவையாகவோ கணவனால் தள்ளப்பட்டவளாகவோ அப்பன் வீட்டுக்குத் திரும்பினால் மறுபடி சாப்பிடலாம்.

இவ்வளவும் எழுதியும் இரண்டாம் தடவை திரும்பியது. காரணம் தொடை! படைத்தவரும் சேர்ந்து சாப்பிடும் சமாதானபலியில் மார்க்கண்டமும் (நெஞ்சுக்கறி) வலது தொடையும் ஆசாரியருக்கு. நம் பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பில் அது 'முன்னந்தொடை' என்று இருக்கிறது, எபிரெயத்தில் 'ஷோக்', பின்னந்தொடை என்றே இன்று பலரும் கொள்கிறார்கள். உபாகமம் 18:3இல் வருவதுதான் முன்னங்கால், கூடவே இரண்டு தாடையும் இரைப்பையும். நான் இரண்டையும் ஒன்றென்று எழுதி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் பாயிடம் வித்தியாசம் கேட்டேன். கத்தியால் தட்டிக் காட்டினார். "பின்னந்தொடைன்னா கறி நிறைய, முன்னங்கால்ல எலும்பும் ஜவ்வும். யாருக்கு வாங்குறீங்கண்ணே?" ஆரோனுக்கு என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது.

மூன்றாம் தடவை வேறு இரண்டு இடங்களையும் சேர்த்தேன். ஆலயம் கட்டப்படுமுன் பலி செலுத்தி வந்த சீலோவில், ஆசாரியன் ஏலியின் மகன்கள் கடவுளுக்குரிய கொழுப்பு எரியும் முன்பே பச்சை இறைச்சியைக் கொடு, இல்லாவிட்டால் பிடுங்கிக்கொள்வோம் என்று அடாவடி பண்ணியது ஒன்று. நெகேமியா 13:10 இன்னொன்று: பங்கு கொடுபடாததால் லேவியரும் பாடகரும் ஆலய வேலையைப் போட்டுவிட்டு அவரவர் வயலுக்கு ஓடிப்போனார்கள். பங்கு நின்றதும் ஆராதனையும் நின்றுபோனதை இதைவிடப் பளிச்சென்று காட்டும் இடம் வேறு எனக்குத் தெரியவில்லை.

தேறிவிட்டேன். கடைசிப் பக்கத்தில் அதே சிவப்பு மை: "வயலுக்கு ஓடியவர்களை முதல் பக்கத்திலேயே கொண்டுவந்திருக்கலாம்."