சுத்தடா, பாட்டுச் சாகுது

“பின்வரிசையில் யாரோ ஒருவர் ஒவ்வொரு வரி முடிவிலும் மெதுவாகிவிடுகிறார்” என்று மேடையில் நின்ற பெண்மணி ஒலிவாங்கியில் சொன்னபோது, எல்லோரையும் போல நானும் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊர். தேவாலயத்து மண்டபத்தில் உகுலேலே விழா. அறுபது எழுபது பேர், ஆளுக்கொரு உகுலேலே, கிற்றார் மாதிரி ஆனால் சின்னதான நாலு தந்தி வாத்தியம். முக்கால்வாசி ஓய்வூதியக்காரர்கள், பாதிக்கு மேல் பூப்போட்ட சட்டை. எங்கள் நிறத்தில் நான் ஒருவன்தான். ஆகவே அந்த ‘யாரோ ஒருவர்’ மரியாதைக்குச் சொன்னது. “பரவாயில்லை, காலால் தாளம் தட்டிக்கொண்டே வாசியுங்கள்” என்றார். பிறகும் இரண்டு தடவை பரவாயில்லை என்றார். இந்த நாட்டில் ஒருவர் மூன்று தடவை பரவாயில்லை என்று சொன்னால் விஷயம் கொஞ்சம் மோசம். பதினான்கு வருடத்தில் இங்கத்தைய ஆங்கிலத்தில் நான் தேறிய பாடம் இது ஒன்றுதான்.

காது சுட்டது. வீட்டில் தனியே வாசிக்கும்போது நான் மெதுவாவது எனக்குத் தெரிந்ததே இல்லை, பாட்டே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். தேநீர் இடைவேளையில் பிஸ்கற்றைத் தோய்த்துக்கொண்டு யோசித்தபோதுதான் பிடிபட்டது. குற்றம் என் கையில் இல்லை. அது இலங்கையின் வடக்கே, வன்னியில், முள்ளியவளையில், ஒரு கவிழ்த்து வைத்த சைக்கிளில் இருக்கிறது.

தொண்ணூறுகளில், போர்க்காலத்து வன்னியில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மின்சாரம் இல்லை, பற்றரி தடைசெய்த சாமான், ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு. றேடியோ கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து, சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில் இருக்க, டைனமோவை ரயரோடு சாய்த்துவிட்டுப் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோ கேட்பது நேரோட்டம். நடுவில் நாலு டயோட்டைப் பற்றவைத்துத் தருவதற்குச் சந்தியில் ஒரு கடைக்காரர் இருந்தார். பின்னாளில் விஞ்ஞானப் பாடத்தில் அது வந்தபோது ரீச்சர் கரும்பலகையில் படம் கீறி முடிக்கமுன்னம் வகுப்பே விடையைச் சொல்லிவிட்டது.

சின்ன மாமாவிடம் ஒரு கசெற் பெட்டி இருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. இரவு 9.15க்கு பி.பி.சி. வானொலியின் தமிழோசை. அதுவும் பழைய நேரம் 9.15. கொழும்பு 1996இல் மணிக்கூட்டை மாற்றியபிறகும் எங்கள் பக்கம் மாற்றவில்லை, ஒரே தீவில் இரண்டு நேரம் ஓடியது. செய்திக்கு அயலே திரண்டு வரும், பெரியவர்கள் மாறிமாறிச் சுற்றுவார்கள், தோளுக்குப் பஞ்சமில்லை. செய்தி முடிந்து ஆட்கள் கலைந்த பிறகுதான் மாமா கசெற்றை எடுப்பார். அப்போது சுற்ற மிஞ்சுவது நான்.

றேடியோவுக்குக் கை தளர்ந்தால் குரல் மங்கும். கசெற்றுக்குத் தளர்ந்தால் குரல் தடிக்கும். பெண்குரல் ஆண்குரலாகும், ஆண்குரல் எருமை கத்துவதுபோல இழுபடும். வரி தொடங்கும்போது வலு உற்சாகமாகச் சுற்றுவேன். வரி முடிகிற இடத்தில் தோள்மூட்டு கழன்றுபோகும். இருட்டுக்குள் பாயில் படுத்தபடி மாமா கத்துவார்: “சுத்தடா, பாட்டுச் சாகுது!” நான் நாலு சுற்று விசுக்கிச் சுற்றுவேன். பாடகர் திடுக்கிட்டு எழும்பி அடுத்த வரிக்கு ஓடுவார்.

அந்தப் பாட்டுகளை எல்லாம் நான் அப்படித்தான் பாடமாக்கினேன். இங்கே வந்தபின் ஒரு கலியாண வீட்டில் அதில் ஒன்றைச் சரியான வேகத்தில் போட்டார்கள். யாரோ புதிதாக, அவசரத்தில், பாடிக் கெடுத்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் குறைப்பட்டேன்.

உகுலேலே என் கைக்கு வந்தது மகளால். இங்கே பல ஆரம்பப் பள்ளிகளில் முந்தி ரெக்கோடர் என்ற குழலைப் பழக்குவார்கள், இப்போது அந்த இடத்தை உகுலேலே பிடித்துவிட்டது. அவள் இரண்டு மாதத்தில் கைவிட்டாள். நான் தூசு தட்டப் போனவன், தந்தியைத் தொட்டதும் நின்றுவிட்டேன். அது தங்கூசி. நந்திக்கடலில் மீன் பிடிக்கிற அதே நைலோன் தங்கூசி மாதிரியே வழுவழுப்பு. சின்ன வயதில் சிரட்டைக்குத் தடி செருகி, தங்கூசி இழுத்துக் கட்டி, நுளம்பு மாதிரிச் சத்தம் போடுகிற ஒன்றைச் செய்து வைத்திருந்தோம். அதன் பணக்காரச் சொந்தம் வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது.

மனைவிக்கு இதில் மதிப்பில்லை. “வீணை பழகியிருக்கலாம். உது சின்னப்பிள்ளையளின்ரை விளையாட்டுச் சாமான்” என்பாள். ஆனால் சாமான் சின்னதென்றாலும் தந்திரம் இருக்கிறது. நாலு தந்தி, மேற்கத்தியக் கணக்கில் ஜி, சி, ஈ, ஏ. சி-யை ச என்று வைத்துக்கொண்டால் ப, ச, க, த. அதாவது ஒரு விரலும் வைக்காமல் தட்டினாலே மோகன ராகத்தின் ஐந்தில் நாலு சுரம் கிடைக்கிறது. குறைகிறது ரி மட்டும், அது ச தந்தியில் இரண்டாவது கட்டையில் இருக்கிறது. இன்னொரு விசித்திரம், முதல் தந்தி தடித்த சுரமாக இருக்காது. மேல் பஞ்சமத்தில் தொடங்கி, கீழே ச-வுக்கு விழுந்து, மறுபடி ஏறும். அக்கா சாதாரணதரப் பரீட்சைக்குச் சங்கீதம் படித்தபோது யன்னலுக்கு வெளியே நின்று கேட்ட மோகனம், முப்பது வருடத்துக்குப் பிறகு குசினி மேசையில் வந்து உட்கார்ந்தது. அதை நான் கண்டுபிடித்த இரவில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார்.

சரி, விழாவுக்கு வருகிறேன். ரயிலில் இரண்டரை மணி நேரம். நான் இங்கே நன்றாகவே ஊன்றிவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்வது. மழையைப் பற்றிப் பேசுவேன், வரிசையில் நிற்பேன், என்னை மிதித்தவரிடமே மன்னிப்புக் கேட்பேன். அன்றைக்கும் அப்படித்தான் காகிதக் கோப்பையும் பையுமாக, உள்ளூர்க்காரன் கணக்கில் யன்னலோரம் இருந்தேன். தட்டையான ஈர நிலம், வாய்க்கால், வாய்க்கால் கரையில் ஒரு வெள்ளைக் கொக்கு. அவ்வளவுதான். இறங்கவேண்டிய இடத்தை அறிவித்தபோது நான் வன்னியில், முத்தையன்கட்டு வாய்க்காலில் நின்றிருந்தேன், தண்ணீர் திறந்துவிட்ட நாளில். கதவு மூடமுன்னம் ஓடிப்போய் இறங்கினேன். கோப்பை ரயிலோடு போய்விட்டது.

காலையில் அந்தப் பெண்மணிதான் உகுலேலேயின் பூர்வீகத்தைப் பற்றிப் பேசினார். அது ஹவாய்க்காரருடைய ஆதி வாத்தியம் என்று நினைத்திருந்த எனக்கு முதல் அடி. 1879 ஓகஸ்ற் 23இல், மதெய்ராத் தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காகப் போர்த்துக்கேயர்களை ஏற்றிவந்த ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் ஹொனலூலுவில் கரை சேர்ந்தது. அவர்களோடு வந்தது மச்செத் என்ற சின்னத் தந்தி வாத்தியம். நூனெஸ், டியாஸ், எஸ்பிரிட்டோ சாந்தோ என்று மூன்று தச்சர்கள் அந்தக் கப்பலில் இருந்தார்கள். தோட்ட வேலை முடிந்ததும் அவர்கள் பட்டறை போட்டு, அந்த ஊர் மரத்தில் செய்ததுதான் உகுலேலே. பெயருக்குத் துள்ளும் தெள்ளு என்று பொருள் சொல்வார்கள், விரல்கள் துள்ளுவதால். ஹவாயின் கடைசி அரசி லிலியுஒகலானி மட்டும் அதை ‘இங்கே வந்த கொடை’ என்று பிரித்துப் பொருள் சொன்னாராம். அரசிக்குத் தெள்ளுப் பிடிக்கவில்லை போல.

போர்த்துக்கேயர் எங்களிடமும் வந்தவர்கள்தான். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தை எடுத்துக்கொண்டு மேசை, கதிரை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, பாண் என்று சொற்களைத் தந்துவிட்டுப் போனார்கள். ஹவாய்க்காரருக்கு மட்டும் பாட்டுப்பெட்டி. அலுமாரி செய்கிற தச்சனை எங்கே இறக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மண்டபத்துக்கு வெளியே கடைகள். என்னுடையது முப்பத்தைந்து பவுண் ஒட்டுப்பலகை. அங்கே கோவா என்ற ஹவாய் மரத்தில் செய்ததெல்லாம் ஆயிரத்துக்கு மேலே. வாங்கமாட்டேன் என்று தெரிந்தும் ஒரு கடைக்காரர் எடுத்துக் கையில் தந்தார். உங்கள் ஊரில் என்ன மரம் என்று கேட்டார். பாலை, வீரை, கருங்காலி, முதிரை என்று தமிழில் சொல்லிவிட்டு விழித்தேன். முதிரையை மஞ்சள், பட்டு மாதிரி மினுங்கும், சீவினால் வாசம் வரும் என்று கையால் விளக்கினேன். அவர் மேசைக்குக் கீழே தேடி, விரல் அகலத்தில் ஒரு மெல்லிய சீவலை எடுத்து வைத்தார். “சிலோன் சாட்டின்வுட்.” பழைய ஆங்கிலேயத் தளபாடங்களுக்கு அதைத்தான் பதிப்பார்களாம். அவர் வாத்தியத்தின் ஓரத்துக்கு ஒட்டுகிறார்.

வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் சரித்தால் தேன், மறுபக்கம் சரித்தால் வைக்கோல். எங்கள் வீட்டு நிலைக்கதவு அந்த நிறம்தான், கைபட்ட இடத்தில் மட்டும் கறுத்திருக்கும். போர் முடிந்து 2010இல் மீளக்குடியேறப் போனபோது வீட்டில் சுவர்கள் இருந்தன. கூரை, கதவு, யன்னல், நிலை எதுவும் இல்லை. நிலை இருந்த இடத்தில் சுவரில் நீட்டுக்குழி, அதற்குள் குளவிக்கூடு. சீவலை மூக்கில் வைத்துப் பார்த்தேன். வாசம் போய்விட்டது, பழசு. கடைக்காரர் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இடைவேளையில் என் பக்கத்துக் கதிரைக்காரரிடம்தான் டைனமோக் கதையைச் சொன்னேன். எழுபத்தெட்டு வயது. பெயர் சொல்லிக் கூப்பிடு என்று காலையிலிருந்து சொல்கிறார். அப்பாவை விட மூத்தவரைப் பெயர் சொல்ல எனக்கு நாக்கு எழும்பாது. ஐயா என்றால் அவருக்கு விளங்காது. ஆகவே நாள் முழுக்க அவரை ஒன்றும் சொல்லாமலே, முகத்துக்கு நேரே போய் நின்றுதான் கதை தொடங்கினேன். ‘பாவம்’ என்று சொல்லப்போகிறார் என்று பயந்தேன், இங்கே வன்னி என்றால் அந்த முகம்தான் வரும். அவர் கேட்டது, “ஆறு வோல்ற்றா?” தொலைபேசித் திணைக்களத்தில் முப்பது வருடம் வேலை செய்தவராம். டயோட் எத்தனை, பெட்டிக்கு எவ்வளவு வேண்டும், கொண்டென்சர் போட்டீர்களா என்று அரை மணி நேரம். கொண்டென்சர் போட்டிருந்தால் பாட்டு இரைச்சலில்லாமல் வந்திருக்கும் என்றார். மாமாவுக்கு இது இருபத்தைந்து வருடம் பிந்திக் கிடைத்த ஆலோசனை.

மாலையில் எல்லோரும் சேர்ந்து வாசிக்கிற நிகழ்ச்சி. திரையில் பாட்டு வரிகள், மேலே சி, ஏ மைனர், எஃப், ஜி. கையை கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல் என்று போடவேண்டும். முதல் பாட்டு காலைத் தட்டித் தட்டி ஒப்பேற்றினேன். இரண்டாவதில் பாட்டு நன்றாக இருந்ததால் காலை மறந்துவிட்டேன். வரி முடிகிற இடம் வந்தது. தோள் தானாகவே தளர்ந்தது. அப்போது பக்கத்துப் பெரியவர் தன் உகுலேலேயை மடியில் போட்டுவிட்டு, என் முகத்துக்கு முன்னால் வலது கையை வட்டமாகச் சுற்றத் தொடங்கினார். வேகமாக, முகத்தை இறுக்கிக்கொண்டு, பெடலேதான். எனக்குச் சிரிப்பு வந்து அடுத்த நாலு வரியும் போய்விட்டது. முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்துவிட்டு, என்னவென்று தெரியாமலே தானும் கையைச் சுற்றினாள்.

ரயில் நிலையத்தில் இருந்து மாமாவுக்கு வட்ஸ்அப்பில் எடுத்தேன். அங்கே நடுச்சாமம் தாண்டியிருந்தது, ஆனால் மாமா நித்திரை கொள்ளாத ஆள். இப்போது கரண்ட் இருக்கிறது, புளூடூத் பெட்டி இருக்கிறது, சுற்றத்தான் ஆளில்லை என்பார். எல்லாவற்றையும் சொன்னேன். கொண்டென்சரையும் சொன்னேன்.

“நீ அப்பவும் சுத்துறதிலை கள்ளன்தானே” என்றார். “உந்தப் பெட்டியை முதிரையிலை செய்விக்கலாமோ?”

“ஊரிலை மரம் எடுக்கலாமே, மாமா?”

“பெர்மிட் வேணும். பலாவெண்டாலும் பெர்மிட், பெண்பனையெண்டாலும் பெர்மிட். சிரட்டையிலை செய், அதுக்கு ஒருத்தரும் கேக்கமாட்டினம்.” கொஞ்சம் பொறுத்து, “எங்கை, ஒண்டு வாசி பாப்பம்.”

ரயில் மேடையில் ஆட்கள் குறைவு. தொலைபேசியை வாங்கில் சாய்த்து வைத்துவிட்டு, அவருடைய பழைய கசெற்றில் இரண்டாம் பக்கம் முதலாவதாக வருகிற பாட்டைத் தொடங்கினேன். காலைத் தட்டவில்லை. நடுவில் சிக்னல் விழுந்து விழுந்து வந்தது. மாமாவின் முகம் திரையில் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது, குரல் மட்டும் எருமை மாதிரித் தடித்து வந்தது.

“சுத்தடா...”