அடுத்த வசனம்

நம் சபையின் முழுநேர ஊழியரான ஒரு தம்பி வேறு வேலை பார்க்கக் கூடாது என்று சபைக் கமிட்டி எடுத்த முடிவு சரி என்றுதான் இப்போதும் சொல்வேன். யார் கேட்டாலும் காரணத்தோடு சொல்வேன். ஆனால் அந்த முடிவுக்கு நான் எடுத்துக்காட்டிய வசனத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அந்தத் தம்பியின் குரல் குறுக்கே வந்துவிடுகிறது.

முழுநேர ஊழியர் வேறு தொழில் பார்க்கக் கூடாது என்ற விதி நமக்குப் புதிதல்ல. அந்தத் தம்பி சாயங்காலங்களில் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் உட்கார்ந்துவந்தார். ஊழியத்தில் குறை என்று ஒருவரும் சொல்லவில்லை. கடையில் உட்காருவது பார்க்க நன்றாயில்லை என்றுதான் புகார். சபைச் சரித்திரம் நடத்துகிறவன் என்பதால் அவரிடம் பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

1 கொரிந்தியர் 9:14-ஐ வாசித்தேன். சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தினாலே பிழைப்பு உண்டாகவேண்டும் என்பது கர்த்தருடைய கட்டளை. தெளிவாக இருக்கிறதே என்று நினைத்தேன். அவர் பைபிளைத் திறக்கவில்லை. கையை மேசைமேல் வைத்திருந்தார். ஆள்காட்டி விரல் நுனியில் சால்டரிங் சுட்ட காயம் கறுத்துக் காய்ந்திருந்தது.

"ஐயா, அடுத்த வசனத்தையும் வாசிச்சிருங்க" என்றார். எகத்தாளம் இல்லை. நிஜமாகவே வாசிக்கத்தான் சொன்னார்.

அடுத்த வசனம் தெரியாதவர் அந்த அறையில் இல்லை. அப்படியிருந்தும் இவற்றில் ஒன்றையும் நான் அனுபவிக்கவில்லை என்கிறார் அந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலர் பவுல், கூடாரம் தைத்துப் பிழைத்தவர்.

"அது பவுல் தானா விட்டுக்கொடுத்த உரிமை தம்பி. யாரும் அவர்கிட்ட இருந்து பிடுங்கல" என்றேன்.

"அதேதான் ஐயா. கூடாரம் தைக்கக் கூடாதுன்னும் அவர்கிட்ட யாரும் சொல்லலையே."

சம்பளம் மாசக்கணக்கில் பிந்துவது மேசையைச் சுற்றியிருந்த எல்லோருக்கும் தெரியும். அதை அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும், எனக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

நான் சொன்னதில் தப்பில்லை என்று பிறகு எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். பவுல் கைவேலையை ஒரு இலட்சியமாகப் பேசியவர் அல்ல. அதே நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தில், கைகளால் பாடுபட்டு வேலைசெய்கிறதைப் பசி, தாகம், நிர்வாணம், அடி, தங்க இடமில்லாமை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைக்கிறார். ஐந்து தரம் ஒன்றுகுறைய நாற்பதடி, மூன்று தரம் மிலாறுகளால் அடி, ஒருதரம் கல்லெறி, மூன்று தரம் கப்பற்சேதம் என்று இரண்டாம் நிருபத்தில் எண்ணிச் சொல்லும்போதும் பிரயாசமும் கண்விழிப்பும் பசியும் கூடவே வருகின்றன. அவருக்குக் கூடாரத் தொழில் பாடுகளில் ஒன்று. ஒரு ஊழியருக்கு அந்தப் பாடு வேண்டாம் என்று சபை நினைத்தால் அதில் என்ன குற்றம்?

இப்படி ஒரு நாள் முழுக்க திருப்தியாக இருப்பேன். அப்புறம் கொரிந்து ஞாபகத்துக்கு வரும்.

கொரிந்தியரிடம் வாங்காத பவுல் மக்கெதோனியாவிலிருந்து வந்ததை வாங்கிக்கொண்டார். அந்த நாட்டுப் பிலிப்பி சபையார், அவர் தெசலோனிக்கேயாவில் இருந்தபோதே ஒன்றிரண்டு தரம் அனுப்பியிருக்கிறார்கள். உங்களுக்கு ஊழியம் செய்ய மற்றச் சபைகளைக் கொள்ளையிட்டேன் என்று கொரிந்தியரிடம் குத்தலாகவே சொல்கிறார். ரோமிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு தங்கித் தைத்தவர், உடன் ஊழியர்களான சீலாவும் தீமோத்தேயும் வந்ததும் வசனத்தைப் போதிப்பதிலேயே முழுசாக இறங்கிவிட்டார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 18-ஆம் அதிகாரத்தை வாசிக்கிறவர்கள் உண்டு. அந்தந்த ஊருக்குத் தகுந்தமாதிரி அவரே முடிவெடுத்தார். கொரிந்துவில் காசு கொடுக்கிறவன் கூடவே கடிவாளத்தையும் பிடிப்பான் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது என் ஊகம். ஆனால் கமிட்டிகளில் உட்கார்ந்த எவரும் இந்த ஊகத்தைத் தப்பென்று சொல்லமாட்டார்கள்.

பவுலுக்குப் பிந்திய நூற்றாண்டுகளில் எனக்கு ஆதரவு கிடைக்கிறது, அதுவும் பாதிதான். பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என்ற ஆதிச்சபைக் கையேடு, ஊர் ஊராக வரும் அப்போஸ்தலன் ஒருநாள் தங்கலாம், தேவைப்பட்டால் இரண்டு நாள், மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. பணம் கேட்டாலும் அப்படியே. அடுத்த பக்கத்திலேயே, உங்கள் நடுவில் குடியேறும் மெய்யான தீர்க்கதரிசி தன் சாப்பாட்டுக்குப் பாத்திரன், முதற்பலனை அவனுக்குக் கொடுங்கள் என்றும் சொல்கிறது. ரோமில் நத்தாலியுஸ் என்பவர் விசுவாசத்துக்காகப் பாடுபட்டவர். ஒரு பிரிவினைக் கூட்டம் மாதம் 150 தெனாரியம் (ரோம வெள்ளிக்காசு) சம்பளம் பேசி அவரைப் பிஷப்பாக்கியது. அந்தத் தொகையை, ஆதிச்சபைச் சரித்திரம் எழுதிய யூசேபியுஸ் எடுத்துவைத்திருக்கும் பழைய குறிப்பு இகழ்ச்சியோடுதான் சொல்கிறது. அரை நூற்றாண்டுக்குள் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் பிஷப் சிப்பிரியான், குருமார் உலக அலுவல்களில் சிக்கக் கூடாது, சபையின் பங்கில் வாழட்டும் என்று எழுதுகிறார். ஸ்பெயினின் எல்வீராவில் கூடிய சபை ஆலோசனைச் சங்கமோ குருமாரிடம், வியாபாரத்துக்காக ஊர் ஊராய் அலையாதே, செய்வதானால் உன் மாகாணத்துக்குள் செய் என்று விட்டுவிட்டது.

மாணவர்களுக்கு இதையெல்லாம் ஒழுங்காக நடத்துகிறேன். எந்தக் காலத்திலும் ஒரே விதி இருந்ததில்லை என்று பரீட்சையில் எழுதினால் மார்க்கும் போடுகிறேன். கமிட்டியில் மட்டும் ஒரே விதி இருந்ததுபோலப் பேசினேன். பேச வேண்டித்தான் இருந்தது; சம்பாதிக்கிற ஊழியருக்குச் சபை கொடுக்காது, நாளடைவில் காணிக்கைப் பெட்டிக்கு அவர் நினைவே வராது. அந்த விதி ஊழியரைக் காப்பதற்காக வந்தது. அந்தத் தம்பியைக் காத்ததா என்று கேட்டால், அவர் ராஜினாமா கொடுத்தார். இப்போதும் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறாராம், சம்பளமில்லாமல், அதே ஊரில். கேட்டபோது சந்தோஷமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபம் யார்மேல் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

போன மாதம் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பத்தாம் தேதிக்குள் சம்பளம் வராத மாதம் ஊழியர் தம் கைத்தொழிலைச் செய்துகொள்ளலாம் என்று விதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். பொருளாளர் நல்ல மனுஷர், நின்றபடியே வாசித்தார். "தாராளமா சேர்க்கலாம் ஐயா. அவங்க சம்பாதிக்கிறதைக் கழிச்சுட்டு மீதியைக் கொடுத்தா நிதிக்கும் பாரம் குறையுமே" என்றார்.

நான் எதைத் தடுக்க அந்த விதியைத் தாங்கிப் பிடித்தேனோ அதுவே இப்போது என் கடிதத்தின் வழியாக உள்ளே வருகிறது. அடுத்த கூட்டத்துக்கு முன் கடிதத்தைத் திரும்ப வாங்க வேண்டும், இல்லையென்றால் கழிக்கக் கூடாது என்று இன்னொரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரிக்கு யாரும் கை தூக்கமாட்டார்கள் என்று தெரிகிறது.