சாலய ஓட்டமும் என் கூட்டுக்காரனும்

சிவராத்திரிக்கு முந்தின நாள் சாயங்காலம் முஞ்சிறை திருமலையில் 'கோவிந்தா! கோபாலா!' என்று விளி கிளம்பிவிட்டால், எங்கள் குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கத்து ரோடெல்லாம் காவி வேட்டிதான். கையில் பனையோலை விசிறி, இடுப்பில் திருநீற்றுப் பை. பன்னிரண்டு சிவன் கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல். கோயிலுக்குக் கோயில் குளித்து, ஈர வேட்டியோடு தொழுது, மறுநாள் ராத்திரி திருநட்டாலத்தில் முடிக்க வேண்டும். சிவாலய ஓட்டம் என்பது நோட்டீஸில் போடுகிற பெயர். எங்களுக்குச் சாலய ஓட்டம்.

இதில் நின்று நின்று ஓடியவன் என் கூட்டுக்காரன், சிநேகிதன். மார்த்தாண்டத்தில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் பார்க்கிற கடை வைத்திருந்தான். எதையும் கழற்றிப் பார்க்காமல் அவனுக்கு உறக்கம் வராது. கோயிலிலும் அதே குணம்தான். திக்குறிச்சியில் தாமிரபரணியில் முங்கி எழுந்ததும் நாங்கள் நடைக்கு ஓடுவோம். அவன் கரையில் நிற்கிற பாட்டாவிடம் வெள்ளம் எதுவரை ஏறும் என்று விசாரிப்பான். திற்பரப்பில் அருவிச் சத்தத்துக்கு நடுவே பூசை செய்கிற போற்றியிடம் கேட்டான், சாமி ஏன் மேற்கே பார்த்து இருக்கிறார் என்று. தட்சன் யாகத்தை அழித்த வீரபத்திரரின் உக்கிரம் என்று அவர் சொன்னதும், "கொள்ளாமே!" என்றான். எது பிடித்தாலும் அவனுக்கு அந்த ஒரு சொல்தான், முகமெல்லாம் சிரிப்பாக.

திருநந்திக்கரையில்தான் அவனைக் கிளப்புவது பெரும்பாடு. கோயில் பக்கத்தில் பாறையைக் குடைந்த குகை. உள்ளே பழைய சுவரோவியத்தின் தடங்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. டார்ச் அடித்தால் ஒரு கோடு, ஒரு முகத்தின் ஓரம். ராஜராஜ சோழன் தன் பதினெட்டாம் ஆட்சியாண்டில், முட்டத்துக்கு மும்முடிச்சோழநல்லூர் என்று பெயர் வைத்து, தான் பிறந்த ஐப்பசிச் சதயத்தைக் கொண்டாட இந்தக் கோயிலுக்குக் கொடுத்திருக்கிறான். அதைச் சொல்லும் கல்வெட்டு இங்கே இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து அவன் வட்டெழுத்து என்கிற அந்தப் பழைய எழுத்தைப் படிக்க ஆரம்பித்தான். கல்லைத் தொடாமல் காற்றில் விரலால் எழுதி எழுதிப் பார்ப்பான். "நம்ம முட்டம் டே! மீன் வாங்கப் போவோமே, அதே முட்டம்!" எனக்கு எரிச்சல் வரும். பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம் எல்லாம் பாக்கி கிடக்கிறதே!

போன ஆவணியில் போய்விட்டான். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

இந்த சிவராத்திரிக்கு அவன் மகன் பைக் எடுத்தான். எனக்கு ஓடுகிற வயசு தாண்டிவிட்டது. வழியெல்லாம் பந்தல் போட்டுச் சுக்குக் காபியும் கஞ்சியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு எல்லாம் கூட்டத்தோடு கூட்டமாக, நடந்த ஞாபகம்கூட இல்லாமல் கடந்துவிட்டோம். தடுத்து நிறுத்த ஆள் இல்லையே.

திருநட்டாலம் சங்கரநாராயணர் நடையில்தான் அவனுடைய பெரிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. கதை எல்லாருக்கும் தெரியும். பாதி மனுஷன், பாதி மிருகமான புருஷாமிருகத்தின் பால் கொண்டுவரப் பீமன் போகிறான். கிருஷ்ணர் கொடுத்த பன்னிரண்டு ருத்திராட்சம் கையில். சிவனைத் தவிர வேறு பெயர் பொறுக்காத அதன் காதில் 'கோவிந்தா' என்று கத்துகிறான். அது துரத்த, இவன் ஒவ்வொரு ருத்திராட்சமாகப் போட, விழுந்த இடமெல்லாம் லிங்கம். அது நின்று பூஜை செய்கிற நேரத்தில் இவன் ஓட்டம். கடைசியில் அதன் எல்லையில் இவன் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று மாட்டிக்கொள்ள, தர்மர் தம்பி என்றும் பாராமல் பாதி உடம்பு புருஷாமிருகத்துக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"எந்தப் பாதி டே? வலதா, இடதா?" இதுதான் அவன் சந்தேகம். சங்கரநாராயணருக்கு வலது சிவன், இடது திருமால். பீமனுக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கணுமே என்பான்.

தொழுதுவிட்டு நானே போற்றியிடம் கேட்டேன். கேட்கும்போது வெட்கமாக இருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். "இதைக் கேக்க ஒரு ஆள் வருவாரே. அவர் எங்க?"

சொன்னேன். பக்கத்தில் நின்ற பையனைக் காட்டினேன்.

போற்றி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பூஜை வேல எல்லாம் முடியட்டும், ரெண்டு பேரும் அந்தத் திண்ணையில இருங்கோ. எங்க அப்பா ஒரு விதமாச் சொல்லுவார், பாட்டா வேற விதமாச் சொல்லுவார். ரெண்டையும் சொல்லுதேன்."

"நேரமாவும் போல இருக்கே, மாமா" என்றான் பையன். ஆகட்டும் என்று வண்டிச் சாவியை வாங்கி என் மடியில் செருகிக்கொண்டேன்.